துட்டி வீட்டுக்குப் போன ஒயர்கள்

மே 3, ஞாயிறு

பச்சை டேப் சுற்றிய மைக் ஒயர் மறுபடியும் போய்விட்டது. நேற்று கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளையின் தாய்மாமா நன்றி சொல்ல மைக்கைப் பிடித்தாராம். முதலில் நன்றாகக் கேட்டது. பிறகு குடத்துக்குள்ளிருந்து பேசுவதுபோல் மெலிந்தது. பிறகு வாய் மட்டும் அசைந்தது. அவர் அதைக் கவனிக்காமல் ஒவ்வொரு சொந்தக்காரர் பெயராகச் சொல்லிக்கொண்டே போனார் என்று எங்கள் கடையில் வேலை பார்க்கும் தவசி அண்ணன் நடித்துக் காட்டினார். நான் சிரித்துவிட்டேன். அத்தான் சிரிக்கவில்லை.

ஒயரை என் மேசையில் வைத்து, "முப்புடாதி, இது நீ வச்ச ஈயந்தானே?" என்று கேட்டார். தலையை ஆட்டினேன். நான்தான் வைத்தேன். போன மாதம் ஈயத்தை உருக்கி வைத்தபோது மூன்று முனையும் மீன் கண்போல மின்னின. இன்று முனையைத் திருகிப் பார்த்தால் உள்ளே பச்சையாகப் பூத்துக் கிடக்கிறது. நகத்தால் தொட்டவுடன் கம்பி கையோடு வந்துவிட்டது.

பத்தொன்பதாம் தேதி காளியம்மன் கோவில் கொடை விழா. வில்லுப்பாட்டுக்கு நம் மைக் செட்டுதான். அங்கே ஒயர் போனால் அடுத்த வருஷம் வேறு ஊர்க்காரன் உள்ளே வந்துவிடுவான். இதை அத்தான் என்னிடம் சொல்லவில்லை, அடுப்படியில் அக்காவிடம் சொன்னார். கொடைக்குள் இது சரியாகாவிட்டால் என்னைத் திருப்பூருக்கு அனுப்பிவிடலாம் என்றும் சொன்னார். அவருடைய சித்தி மகள் வள்ளிமயில் அங்கே பனியன் கம்பெனியில் இருக்கிறாள். ஹாஸ்டலில் ஓர் அறைக்குப் பத்துப் பெண்களாம். எல்லோரும் நன்றாகப் பேசிப் பழகுவார்களாம்.

பத்துப் பேர்.

மே 4, திங்கள்

காலையில் பாத்திரம் கழுவி, மாவு ஆட்டி, முன்னறையைப் பெருக்கினேன். முன்னறைதான் கடை. 'கோமதி சவுண்ட் சர்வீஸ்' என்று அக்கா பெயரைத்தான் போர்டில் எழுதியிருக்கிறது. கூம்பு ஸ்பீக்கர்களுக்கும் பெட்டிகளுக்கும் நடுவே ஜன்னலோரம் என் மேசை. யாராவது புதிதாக வந்தால் நான் பெட்டிக்குப் பின்னால் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொள்வேன். பாதிப் பேருக்கு இந்தக் கடையில் ஒரு பெண் வேலை செய்கிறாள் என்பதே தெரியாது.

மைக் ஒயர் வெளியே ஒன்றாகத் தெரிந்தாலும் உள்ளே மூன்று வழி இருக்கிறது. இரண்டு மெல்லிய கம்பிகள் குரலைக் கொண்டுபோகும். அவற்றைச் சுற்றி வலைபோல ஒரு கம்பி காவல் காக்கும். வலை அறுந்தால் 'ங்' என்று இரையும். இரண்டில் ஒன்று போனால் குரல் மெலியும். இதெல்லாம் பிரித்துப் பிரித்துப் பார்த்து நானே கண்டது.

இன்று எனக்குப் புரியாத ஒன்று நடந்தது. வெள்ளை டேப் ஒயரை மீட்டரில் வைத்தேன். மூன்று வழியிலும் 'பீப்' என்றது. அதாவது எங்கும் அறுந்துபோகவில்லை. ஆனால் மைக்கில் மாட்டி விரலால் தட்டினால் தட்டிய சத்தம் எங்கோ பக்கத்துத் தெருவில் கேட்கிறது. வழி இருக்கிறது, ஆள்தான் வந்து சேரவில்லை.

மதியம் வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். குழம்பு அடிப்பிடித்துவிட்டது.

மே 5, செவ்வாய்

'பீப்'பை நம்பக்கூடாது. மீட்டரின் திருகைத் தடை அளக்கும் பக்கம் வைத்தால் நல்ல ஒயரில் எண் அசையாமல் நிற்கிறது. வெள்ளை ஒயரில் பெரிய எண் காட்டுகிறது. கழுத்தருகே லேசாக வளைத்தால் குதிக்கிறது. உள்ளே ஏதோ பாதி தொட்டுக்கொண்டும் பாதி தொடாமலும் இருக்கிறது.

மே 6, புதன்

முதலில் தவசி அண்ணன்மேல்தான் எனக்குச் சந்தேகம். அவர் கூம்பு கட்ட எந்தப் பனைமரத்திலும் ஏறிவிடுவார். ஆனால் ஒயரைச் சுருட்டும்போது முழங்கையில் மாட்டி வடம் முறுக்குவதுபோல் முறுக்குவார். ஆனால் முறுக்கினால் கம்பி ஒடியும், பச்சை பூக்காது. மழையும் இல்லை. எலி கடித்த தடமும் இல்லை.

அண்ணனிடம் நேரே கேட்க வாய் வரவில்லை. கெட்ட ஒயர்களை வரிசையாகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவரே வந்து எட்டிப் பார்த்தார்.

"என்னட்டி, பிணத்த வரிசையா கெடத்தியிருக்க?"

பிறகு காலால் ஒவ்வொன்றாகத் தள்ளி, "இதப் பாரு. செவப்பு ஒரு நாளும் சாவல. நீலம் சாவல. பச்சையும் வெள்ளையும் மஞ்சளுந்தான் சாவுது. ஏன்னு சொல்லவா? உங்க அத்தான் புதுசக் கல்யாணத்துக்கு வச்சிக்கிட்டு, பழசத்தான துட்டி வீட்டுக்குக் குடுத்து விடுதாரு. போன எடத்துல என்னத்தையோ கூட்டிட்டு வந்திருக்கு" என்றார்.

அவர் விளையாட்டுக்குத்தான் சொன்னார். அக்கா வாசல் பக்கம் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். கீரையை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பேய் என்று நான் நம்பவில்லை. ஆனால் அவர் சொன்னது சரி. சாவு விழுந்த துட்டி வீட்டுக்குப் போன ஒயர்கள் மட்டுமே கெடுகின்றன. அங்கே அப்படி என்ன நடக்கிறது? ஒப்பாரி சொல்பவர்கள் மைக்கில் அழுவார்கள். கண்ணீர் பட்டு ஒயர் கெடுமா? மைக் கெடவில்லையே.

மே 7, வியாழன்

பச்சை ஒயரின் முனையைப் பிளேடால் நீளவாக்கில் கீறினேன். தாமிரம் உள்ளே ஒரு சாண் தூரம் கறுத்திருக்கிறது. கறுத்த தாமிரத்தில் ஈயம் ஒட்டாது, இலைமேல் தண்ணீர்போல உருண்டு ஓடிவிடும். நான் போன மாதம் அதில் எப்படி ஒட்டவைத்தேன்? அப்போது அது கறுக்கவில்லை. அதற்குப் பிறகுதான் ஏதோ உள்ளே போயிருக்கிறது.

கம்பிகளுக்கு நடுவே பஞ்சு நூல் ஒன்று ஓடும். ஒயர் உருண்டையாக இருப்பதற்காக அதை வைப்பார்கள்போல. சிவப்பு ஒயரில் அந்த நூல் வெள்ளை. பச்சை ஒயரில் அதே நூல் மஞ்சள்.

மே 8, வெள்ளி

மஞ்சள் கறை பட்ட துணியில் சோப்புப் போட்டால் சிவக்கும். துவைக்கிற எல்லோருக்கும் தெரிந்ததுதான். கிணற்றடியில் துவைத்துக்கொண்டிருந்தபோது அது ஞாபகம் வந்தது. ஓடிப்போய் அந்த நூலில் ஒரு துண்டு எடுத்துவந்து ஈர சோப்பின்மேல் வைத்தேன்.

சிவந்தது.

ரொம்ப நேரம் கையில் வைத்துப் பார்த்தேன். சமையல் மஞ்சள், ஒயருக்குள், ஒரு சாண் தூரம். பிறகு மீதித் துணியைத் துவைத்துக் காயப்போட்டேன். எட்டு சட்டை, நான்கு வேட்டி, அக்காவின் புடவைகள்.

மே 9, சனி

அக்கா இன்றும் காப்பி குடிக்கவில்லை. நான் கடுகு தாளித்தால் எழுந்து வெளியே போய்விடுகிறாள்.

மே 10, ஞாயிறு

டம்ளரில் மஞ்சளைக் கரைத்து, நல்ல ஒயரில் ஒரு முழம் வெட்டி, முனை மட்டும் தொடுகிற மாதிரி நிறுத்தினேன். மாலையில் எடுத்துக் கீறிப் பார்த்தேன். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல நூலில் மஞ்சள் ஏறியிருக்கிறது. வெளியே ரப்பர் தொட்டுப் பார்த்தால் காய்ந்துவிட்டது. துடைத்தவர்கள் நன்றாகத் துடைத்துவிட்டோம் என்றுதான் நினைப்பார்கள். ஈரம் உள்ளே உட்கார்ந்துகொண்டு மெதுவாகத் தின்கிறது.

இன்னொரு துண்டை மஞ்சளோடு கல்லுப்பும் போட்ட தண்ணீரில் நிறுத்தியிருக்கிறேன். உப்பு போட வேண்டும் என்று ஏன் தோன்றியது என்று தெரியவில்லை.

மே 12, செவ்வாய்

உப்புத் தண்ணீரில் நின்ற துண்டு இப்போதே பச்சை பூத்துவிட்டது.

அத்தான் நேற்று பச்சையையும் வெள்ளையையும் தென்காசியில் ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்து, கெட்டதை வெட்டிப் புதிதாக ஈயம் வைத்து வாங்கிவந்தார். என் மேசைமேல் தன் தோள் துண்டை விரித்து மூடிவிட்டார். கோபமாக ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

மேலத்தெருவில் ஒரு பெரியவர் இறந்துவிட்டதால் காலையிலேயே அந்த இரண்டு ஒயர்களும் அங்கே போயின. சாயங்காலம் செட்டு திரும்பி வந்தது. அத்தானும் தவசி அண்ணனும் எல்லாவற்றையும் பின்வாசலில் இறக்கிவிட்டு, நேரே பம்புசெட்டுக்குக் குளிக்கப் போனார்கள். துட்டி வீட்டுக்குப் போனவர்கள் குளிக்காமல் உள்ளே வரக்கூடாது. செட்டு குளிப்பதில்லையே என்று நான் இதுவரை யோசித்ததில்லை.

அக்கா யோசித்திருக்கிறாள்.

நான் மாட்டுத் தொழுவத்தின் பக்கம் நின்றேன். அக்கா பித்தளைப் பானையில் மஞ்சளைக் கரைத்து ஒரு கை கல்லுப்பு போட்டாள். கூம்புகள்மேல் தெளித்தாள். பெட்டிமேல் தெளித்தாள். பிறகு ஒயர்களை எடுத்து, முனைகளை மட்டும் ஒவ்வொன்றாகப் பானைக்குள் முக்கி எடுத்தாள். குழந்தைக்கு வாய் துடைப்பதுபோலப் பழைய புடவைத் துணியால் துடைத்தாள். பிறகு உள்ளே கொண்டுபோய் ஆணியில் மாட்டினாள்.

மே 13, புதன்

அக்காவிடம் கேட்டேன். அத்தான் வெளியே போகும்வரை காத்திருந்து, அரிசி புடைத்துக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டேன்.

மறுப்பாள் என்று நினைத்தேன். மறுக்கவில்லை. தெளித்தால் போதாதா, முனையை ஏன் முக்க வேண்டும் என்று கேட்டேன். சுளகை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"அழுகை போன வழி அதுதானட்டி. செத்த வீட்டுல அத்தன பேரு அழுததும் அந்த வாய் வழியாத்தான போவுது. அத அப்படியே கொண்டாந்து நான் படுக்கிற வீட்டுல மாட்டச் சொல்லுதியா?"

அவளுக்குக் கரு கலைந்த அந்தத் தடவை என்ன நடந்தது என்று அவளே சொன்னாள். அந்தத் தடவைதான் நான் ஒன்பதாம் வகுப்போடு நின்று, ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அவளுக்குத் துணையாக இங்கே வந்தேன். அன்று மழையாம். ஒரு சின்னப் பெண்ணின் துட்டி வீட்டிலிருந்து வந்த செட்டை நனையக்கூடாது என்று அத்தான் அக்காவின் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்தாராம். மறுநாள் விடிவதற்குள் ஆஸ்பத்திரி.

அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க வந்தேன். கேட்கவில்லை. நூல் சிவந்ததையும் ஈரம் உள்ளே ஏறுவதையும் மட்டும் சொன்னேன். அக்கா கவனமாகத்தான் கேட்டாள். ஈரம் எவ்வளவு தூரம் ஏறும் என்றுகூடக் கேட்டாள்.

கடைசியில், "அவியகிட்ட சொல்லிராத" என்றாள்.

சரி என்றேன். திருப்பூரைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

மே 15, வெள்ளி

காதுகுத்து வீட்டில் பச்சை ஒயர் போய்விட்டது. தென்காசி மெக்கானிக் வைத்த ஈயம்.

நேற்றே எனக்குத் தெரியும். அத்தான் இல்லாத நேரம் அதன் முனையைத் திருகிப் பார்த்தேன். எனக்குப் பொறுக்கவில்லை, அவர் எப்படி ஈயம் வைத்திருக்கிறார் என்றும் பார்க்க வேண்டும்போல இருந்தது. நன்றாக வைத்திருந்தார், என்னைவிடக் குறைவான ஈயத்தில். ஆனால் ஓரத்தில் பச்சை தொடங்கியிருந்தது. திரும்ப மூடிவிட்டேன். மூடும்போது திருகில் ஒரு கீறல் விழுந்துவிட்டது.

அத்தான் அந்தக் கீறலைக் காட்டி, "தென்காசிக்காரர் வச்சத நீ பிரிச்சியா?" என்று கேட்டார்.

பிரித்தேன் என்றேன்.

"எதுக்கு?"

பார்க்கத்தான் என்று சொல்ல வேண்டும். சொன்னால் எதைப் பார்க்க என்று கேட்பார். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அடுத்தவன் வேலை நிலைக்கக்கூடாது என்று நானே கெடுத்ததாக அவர் நினைக்கிறார். வெளியே போய் வள்ளிமயில் மதினிக்குப் போன் போட்டார். ஞாயிற்றுக்கிழமை வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார்.

அக்கா அடுப்படியில்தான் இருந்தாள். பாத்திரச் சத்தம் நின்றது, பிறகு மறுபடி கேட்டது.

மே 16, சனி

துணிகளை மடித்து வைத்தேன். மீட்டர் என்னுடையது இல்லை, அதை ஆணியில் மாட்டினேன்.

மே 17, ஞாயிறு

வள்ளிமயில் மதினி பதினோரு மணி பஸ்ஸில் வந்தாள். குண்டாக, சிரித்த முகமாக, வந்ததிலிருந்து பேசிக்கொண்டே இருந்தாள். நான் பெட்டிக்குப் பின்னால் குனிய வழியில்லை, என்னைப் பார்க்கத்தானே வந்திருக்கிறாள். என் விரல்களைப் பிடித்துப் பார்த்து, செக்கிங்கில் போட்டுவிடுவார்கள், உட்கார்ந்த வேலை என்றாள். ஹாஸ்டலில் ஞாயிறுதோறும் கோழிக்குழம்பு என்றாள். கெட்டவள் இல்லை.

அக்கா காப்பி கொண்டுவந்தாள். மதினிக்குக் கொடுத்தாள். அத்தானுக்குக் கொடுத்தாள். தட்டைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

"அவள அனுப்ப வேண்டாம். ஒயரக் கெடுத்தது நான்."

தங்கைக்காகப் பழியை ஏற்றுக்கொள்கிறாள் என்றுதான் அத்தான் நினைத்தார். சும்மா இரு என்றார். அக்கா பானையைப் பற்றியும் உப்பைப் பற்றியும் சொன்னாள். அவர் நம்பவில்லை. அன்றன்றைக்குத் தண்ணீர் பட்டால் அன்றைக்கே காய்ந்துவிடாதா என்றார்.

நான் எழுந்து போனேன். மஞ்சள் நூலில் மீதி இருந்ததையும் துவைக்கிற சோப்பையும் கொண்டுவந்து அவர் முன்னால் தரையில் வைத்தேன். சோப்பில் தண்ணீர் தொட்டு நூலை வைத்தேன். மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். நூல் சிவந்தது. பிறகு கீறி வைத்திருந்த துண்டுகளைக் காட்டினேன், மஞ்சள் ஏறியது, பச்சை பூத்தது, கறுத்தது. அத்தான் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"எத்தன நாளா செய்த?" என்று அக்காவிடம் கேட்டார்.

"மூணு மாசமா."

"ஏன் மூணு மாசமா?"

அக்கா தட்டை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். மதினிதான் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஏல கூறுகெட்டவனே, இன்னுமா வெளங்கல?" என்றாள்.

அத்தான் காப்பியைக் கீழே வைத்தார். "எங்கிட்ட ஏன் சொல்லல?" என்று கேட்டார்.

"போன தடவ சொன்னேன்லா" என்றாள் அக்கா.

கடைசியில் மதினி, "அப்ப என்னை எதுக்குல பஸ் ஏற வச்ச?" என்றாள். அத்தான் போய்க் கோழி வாங்கிவந்தார். மதினி சாப்பிட்டுவிட்டு நான்கு மணி பஸ்ஸில் தனியாகத் திரும்பிப் போனாள்.

என் மேசைமேல் கிடந்த துண்டை அத்தான் எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

மே 18, திங்கள்

கெட்ட ஒயர்கள் எல்லாவற்றின் முனையையும் வெட்டினேன். தாமிரம் பளபளவென்று வரும்வரை வெட்டினேன். பச்சை ஒயர் ரொம்பக் குட்டையாகிவிட்டது. தென்காசிக்காரர்போலக் குறைந்த ஈயத்தில் வைத்துப் பார்த்தேன். நன்றாகத்தான் பிடிக்கிறது.

மே 20, புதன்

கொடை முடிந்தது. வில்லுப்பாட்டுக்காரப் பெண்மணிக்குச் சிவப்பு ஒயர், குடம் அடிப்பவருக்குப் பச்சை, உடுக்கைக்கு வெள்ளை. ஒன்றும் போகவில்லை. நடுவில் ஒருமுறை கரண்ட் போனது, அதற்கு நான் பொறுப்பில்லை. நான் மேடைக்குப் பின்னால் மிக்ஸர் பெட்டியருகே உட்கார்ந்து ஒவ்வொரு குரலும் அதன் கம்பி வழியாக வருவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். கதை என்ன என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

மே 22, வெள்ளி

இனிமேல் துட்டி வீட்டுக்கே செட்டு விட வேண்டாம் என்று அத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். இன்று காலையில் தவசி அண்ணனின் பெரியப்பா இறந்துவிட்டார். தவசி அண்ணனிடம் வரமாட்டேன் என்று எப்படிச் சொல்வது? பச்சையும் வெள்ளையும் போயின.

சாயங்காலம் செட்டைப் பின்வாசலில் இறக்கினார்கள். அத்தான் குளிக்கப் போகவில்லை. கொஞ்சம் தள்ளி நின்றார். அக்கா பானையோடு வாசலில் நின்றாள். ஊற்றவும் முடியாமல் உள்ளே போகவும் முடியாமல் நின்றாள். தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது.

நான் போய் ஒயர்களை எடுத்தேன். நான்கு முனைகளையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்து, கையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டேன். மீதி ஒயர் தரையில் சுருண்டு கிடந்தது.

"ஊத்துக்கா. ரப்பர் மேல எவ்வளவு ஊத்துனாலும் உள்ள போவாது" என்றேன்.

அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு ஊற்றினாள். தாராளமாகவே ஊற்றினாள். ஒயர் முழுக்க மஞ்சளாக வழிந்தது. துணியால் துடைக்கக் குனிந்தவள் நிமிர்ந்து என் கையைப் பார்த்தாள்.

"முனை அப்படியேல்லா இருக்கு. அந்த வாய்தானட்டி..."

"அதுல இருந்ததெல்லாம் என் கைக்குத்தான வந்திருக்கும். நான் குளிச்சிட்டுத்தான் உள்ள வருவேன்."

அக்கா யோசித்தாள். எனக்குத் தோள் வலித்தது. அத்தான் வந்து என் கையிலிருந்து முனைகளை வாங்கிக்கொண்டார். வாங்கிக்கொண்டு அவரும் அதேபோலத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார். முனையைத் தொட்ட நாங்கள் இருவரும் குளித்துவிட்டுத்தான் உள்ளே வருவோம் என்று அக்காவுக்குப் புரிந்திருக்க வேண்டும். அவள் முகம் கொஞ்சம் இளகியது.

"சரி, குனி" என்றாள்.

குனிந்தேன். பானையில் மிச்சமிருந்ததை அப்படியே என் தலையில் கவிழ்த்தாள். கண் எரிந்தது. இன்றைக்கும் உப்புப் போட்டுத்தான் கரைத்திருக்கிறாள்.